ஒன்று ஐம்பது: குன்னூரில் ஒரு கடிகாரக் கூட்டம்

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நீலகிரிக்கு வழி தேடுகிறவர்கள், மீதிப் பேர் கடிகாரப் பைத்தியங்கள். இந்த முறை இரண்டு கூட்டத்துக்கும் உபயோகமான செய்தி இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

கோவையில் எங்கள் கடிகாரச் சேகரிப்பாளர் குழு தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தொடங்கிய ஐந்து பேரில் நானும் ஒருவன். இதை இப்போது யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன். நவம்பரில் ஒரு சுவிஸ் நிறுவனம் தன்னுடைய புதிய மாதிரிகளைக் காட்டுவதற்காக எங்களைக் குன்னூர் பக்கத்தில் ஓர் எஸ்டேட் பங்களாவுக்கு அழைத்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆறு வருடமாக அவர்கள் கடையின் காத்திருப்போர் பட்டியலில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதற்கு இலவச விளம்பரம் செய்ய வேண்டும்?

பட்டியல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கையில் காசோடு போனாலும் அந்தக் கடையில் கடிகாரம் தர மாட்டார்கள். முதலில் நகை, பேனா, பெல்ட் என்று வாங்கி அவர்கள் மனதில் இடம்பிடிக்க வேண்டும். கடைசியாக நான் போனபோது விற்பனைப் பெண் தேநீர் கொடுத்துவிட்டு, மேடத்துக்குத் தோடு பார்க்கலாமா என்று கேட்டாள். மேடம் இல்லை என்றேன். அவள் சிரிப்பு மாறவில்லை. பட்டியலில் என் இடமும் மாறவில்லை.

குன்னூர்க் கூட்டம் வேறு மாதிரி. புதிய மாதிரிகளில் ஒன்றை, கையால் சாவி கொடுக்கும் முப்பத்தாறு மில்லிமீட்டர் எஃகுக் கடிகாரம் ஒன்றை, எங்கள் குழுவுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வந்தவர்களின் பெயரைச் சீட்டு எழுதிக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கடை விலையிலேயே தருவார்கள். தோடு வேண்டாம், பெல்ட் வேண்டாம். பேர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டில் ஒன்று. ஐம்பத்தொரு வயதில், என்னிடம் படித்தவனே எனக்குத் துறைத்தலைவனாக உட்கார்ந்திருக்கும் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்தும் ஒருவனுக்கு, நேர்மையான வழியில் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. இரண்டு பழைய கடிகாரங்களை விற்றுப் பணத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் ஊட்டி வண்டி ஏறினேன். சொந்தக் காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. மேட்டுப்பாளையம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர், ஏழு ஐந்துக்குப் போய்விட்டது. கல்லாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் இடதுபக்க ஜன்னலைப் பிடிக்கலாம் என்று எழுதுவார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வரும். பர்லியாறில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள், டீ பதினைந்து ரூபாய். குன்னூரில் இறங்கியபோது எட்டு ஐம்பது.

பேருந்து நிலையத்தில் வாடகைக் கார் பேசினேன். கோத்தகிரி சாலையில் ஒன்பது கிலோமீட்டர், ஐந்நூறு ரூபாய் கேட்டார், நானூற்றைம்பதுக்கு வந்தார். பெயர் முருகேஷ், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

“ஏனுங்க சார், காலைல இருந்து மூணு டிரிப்பு அந்த பங்களாவுக்குத்தான். எல்லாரும் கையையே பாத்துக்கிட்டு வர்றாங்க. டாக்டருங்களா?”

“வாட்ச் சேக்கறவங்க.”

“ஒண்ணு இருந்தாப் போதாதுங்களா?”

குலுக்கலைப் பற்றிச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவருக்கு உடனே ஆர்வம் வந்துவிட்டது.

“நாலே காலுக்குங்களா? அப்ப நான் அஞ்சு மணிக்கு கேட்டுக்கிட்ட வந்து நிக்கறனுங்க. உங்களுக்கு விழுந்துச்சுன்னா எனக்கு ஒரு பிரியாணி.”

விழாவிட்டால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பங்களா சரிவின் மேல் இருந்தது. மூன்று பக்கமும் தேயிலை, கீழே எஸ்டேட்டின் தொழிற்சாலை. காலையிலிருந்தே பனிமூட்டம், சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. வாசலிலேயே செல்போன்களை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். புதிய மாதிரிகளின் படம் வெளியே போய்விடக் கூடாதாம். கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்த தடம் இருந்தது, கடிகாரம் இல்லை. வேறு நிறுவனத்தினுடையது என்பதால் கழற்றிவிட்டார்கள் என்று பணியாள் சொன்னார்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கடிகாரத்தைத் தொடுவதற்கு முன் நம் மணிக்கட்டைக் காலி செய்ய வேண்டும். கடிகாரம், மோதிரம், காப்பு எல்லாம் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத்தான் தொடலாம், கீறல் விழக் கூடாது. அன்று வெள்ளைத் துணி விரித்த மேசையில் மூன்று புதிய மாதிரிகள். முதல் இரண்டும் துபாய்க்காரர்களுக்குச் செய்தவை, கல் பதித்தவை, விடுங்கள். மூன்றாவதுதான் அது. முகப்பின் நிறத்துக்கு நிறுவனத்துக்காரர்கள் நீலகிரிப் பச்சை என்று பேர் வைத்திருந்தார்கள். தேயிலைத் துளிரின் நிறம் என்று நுனி நாக்கு ஆங்கிலத்தில் விளக்கினார்கள். எனக்கு அது மருந்தடித்த இலையின் நிறமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கையில் எடுத்து, காதோரம் வைத்து, சாவியைச் சுற்றினேன். ஒவ்வொரு பல்லும் விரலுக்குத் தெரிந்தது. நான்கு சுற்றுக்குப் பிறகு கீழே வைக்க மனமில்லை. பின்னால் நின்றவர் இருமினார், வைத்தேன். இதை நன்றாக விமர்சிக்க வேண்டும் என்று குறிப்பேடு கொண்டுபோயிருந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

விலை பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.

சாப்பாடு தாமதமானது. அதன் பிறகு குழுப் படம். எல்லோரும் அவரவர் கடிகாரத்தை ஒரே தட்டில் வரிசையாக அடுக்க வேண்டும், எல்லா முட்களும் ஒரே நேரம் காட்ட வேண்டும். விளம்பரங்களில் பத்துப் பத்து காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். படமெடுத்தவர் ஒன்று ஐம்பது கேட்டார். அதே கோணம், முட்கள் மட்டும் இடம் மாறியிருக்கும், எந்த எழுத்தும் மறையாது. இருபத்திரண்டு பேரும் சாவியை வெளியே இழுத்து ஓட்டத்தை நிறுத்தி, முள்ளை ஒன்று ஐம்பதில் வைத்துக் கொடுத்தோம். படம் முடிந்ததும் அவரவர் எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்காரர்களின் கணினியைப் பார்த்துச் சரியான நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது மணி இரண்டு முப்பத்தைந்து என்று பிறகு தெரிந்தது.

நானும் என் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கணினியை நோக்கித்தான் போனேன். அப்போது பார்த்திபன் எதிரில் வந்து நின்றார்.

பார்த்திபனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. குழுவுக்கு அவரைக் கூட்டிவந்தது நான். ஒன்பது வருடம் முன்பு, கோத்தகிரியில் ஒரு வீட்டில் விற்பனைக்கு ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன் என்று நம்பி அவரிடம் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமையே போய் வாங்கிவிட்டார். அதன் பிறகு நான் அவரோடு பேசுவதில்லை. அன்று அதே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“புரொபசர் சார், நல்லா இருக்கீங்களா? இளைச்சுட்டீங்களே.”

“இருக்கேன்.”

“இன்னும் கோபமுங்களா? அன்னைக்கே சொல்லிருக்கோணும் நானு. வேணும்னா இதை நீங்க ஒரு மாசம் கட்டிக்குங்க சார், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“எனக்குக் கடன் வாங்கிக் கட்டற பழக்கம் இல்ல.”

“அட, கடன்னு யாருங்க சொன்னா?”

ஒரு மாதம் கட்டிக்கொள்ளலாமாம். அனுமதி தருகிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கையிலிருந்த கடிகாரத்தின் சாவியை உள்ளே அழுத்தி, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, கூடத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். கணினிப் பக்கம் போகவே இல்லை. போக வேண்டும் என்பதும் அந்த நிமிடத்தோடு மறந்துபோயிற்று.

வாசலில் கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு மணி பார்த்தேன், இரண்டு. குலுக்கலுக்கு இன்னும் இரண்டே கால் மணி நேரம். அதுவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. தேயிலைக்குள் நடந்தேன்.

நடப்பதற்கு நல்ல பாதை, அதைச் சொல்லிவிட வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் ஜீப் தடம் ஒன்று சரிவைச் சுற்றி நீரோடை வரை போகிறது, இரண்டரை கிலோமீட்டர். ஓடைக்கருகில் ஒரு பாறை இருக்கிறது, உட்காரலாம். அட்டை உண்டு, சாக்ஸுக்குள் உப்பு போட்டுக்கொள்ளுங்கள். பாறையில் உட்கார்ந்து ஒன்பது வருடத்தையும் ஒருமுறை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். அதற்கு அந்த இடம் வசதியாக இருந்தது.

திரும்பி வரும்போது, இலை நிறுக்கும் கொட்டகையருகே, தொழிற்சாலையில் சங்கு ஊதியது. மலை முழுக்கக் கேட்கும் நீண்ட சங்கு. கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றேகால். கொழுந்து மூட்டையோடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

“மூணேகாலுக்கு எதுக்கும்மா சங்கு?” என்று முன்னால் நின்ற அம்மாளிடம் கேட்டேன். மகேஸ்வரி என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஏறக்குறைய என் வயதுதான்.

“மூணேகாலா? நாலு மணிச் சங்குங்க சார் அது.”

“இல்லம்மா. சங்குதான் தப்பு. இது ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டுக்கு மேல முன்ன பின்ன போகாது.”

அவர் என் கையைப் பிடிக்காத குறையாகக் குனிந்து பார்த்தார்.

“ஐயோ, இதைக் கொண்டுபோய் மேஸ்திரிகிட்ட காட்டிராதீங்க சார். இன்னும் முக்கா மணி நேரம் பறிங்கன்னு தொரத்தி விட்டுருவாரு.”

வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி, “என்ன வெலைங்க சார் அது?” என்றாள்.

“ரெண்டரை லட்சம்.”

“ரெண்டரை லட்சம் குடுத்தா முக்கா மணி நேரம் கம்மியாத்தான் காட்டுமாக்கா?”

மறுபடி சிரிப்பு. “சும்மா இருடி, சாரு படிச்சவரு,” என்று மகேஸ்வரி அதட்டினார். பிறகு என்னிடம், “எதுக்கும் வெரசாப் போங்க சார். உங்காளுங்க பங்களாவுலதான இருக்காங்க, கேட்டுப் பாருங்க,” என்றார்.

அந்தக் கொட்டகையிலிருந்து பங்களா பத்து நிமிட நடை. இதை நான் பலமுறை கணக்குப் போட்டுவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுப் போயிருந்தால் நாலு பத்துக்கு அறைக்குள் இருந்திருப்பேன். நான் போகவில்லை. சங்கு ஊதுகிறவனின் சோம்பேறித்தனத்தைப் பற்றியும், இந்த நாட்டில் யாருக்கும் நேரத்தின்மேல் மரியாதை இல்லை என்பதைப் பற்றியும் யோசித்தபடி, இன்னொரு சரிவைச் சுற்றிக்கொண்டு, பங்களாவின் கூடத்துக்குள் நுழைந்தபோது என் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தைந்து. இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட திருப்தியோடு உள்ளே போனேன்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கோவையைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர், குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர், பச்சை முகப்புக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். எங்கள் செயலாளர் கல்யாணராமன், ஓய்வுபெற்ற ஆடிட்டர், என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தாளை மடித்தார்.

“எங்க சார் போயிட்டீங்க? முதல் சீட்டே உங்க பேருதான்.”

என் மணிக்கட்டைப் பார்த்தேன், இன்னும் நாலுகூட ஆகவில்லை.

“மூணு தடவை கூப்பிட்டோம். வெளிய ஆள் அனுப்பித் தேடினோம். விதி மூணு இருக்கே சார், என்ன பண்றது? நீங்க எழுதினதுதானே.”

நான் எழுதியதுதான். சீட்டு எடுக்கும்போது அறையில் இல்லாதவரின் பெயர் செல்லாது. ஐந்து வருடம் முன்பு, பார்த்திபன் கூட்டங்களுக்கு வராமல் தன் மேனேஜரை அனுப்பிக் குலுக்கலில் கலந்துகொள்கிறார் என்பதற்காக, அவர் ஒருவருக்காகவே எழுதி, ஒவ்வொருவராகப் பேசி ஆதரவு திரட்டி நிறைவேற்றிய விதி. அன்றிலிருந்து அவர் ஒரு குலுக்கலையும் தவறவிட்டதில்லை.

கல்யாணராமன் குரலைத் தணித்து, “பார்த்திபன்தான் சண்டை போட்டாரு. பத்து நிமிஷம் வெயிட் பண்ணணும், சார் வந்துருவாரு, அவரு மாதிரி டைம் பாக்கற ஆளு யாரு இருக்காங்கன்னு. அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணினோம். அதுக்கு மேல மத்தவங்க ஒத்துக்கல,” என்றார்.

பார்த்திபன் ஜன்னலோரம் நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் மட்டும் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அல்லது தன் பங்குக்கு விதியைப் படித்துக் காட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சீட்டில் வந்தது அவர் பெயராக இருந்திருந்தால், நான் அரை நிமிடம்கூடக் காத்திருக்க விட்டிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நிறுவனத்தின் கணினித் திரையில் மணி நாலு நாற்பத்திரண்டு. என் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தேழு. ஒரு நொடிகூடப் பிசகாமல் நாற்பத்தைந்து நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

முருகேஷ் சொன்னபடி ஐந்து மணிக்கு வாசலில் நின்றார்.

“விழுந்துச்சுங்களா சார்?”

“விழுந்துச்சு. வேற ஆளு கொண்டுபோயிட்டாரு.”

“அதெப்படீங்க? நீங்க அங்கதான இருந்தீங்க?”

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். குன்னூரில் அன்றிரவு தங்க இருந்த லாட்ஜ் வாசலில் இறங்கி, பிரியாணிக்கு என்று இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். பெயர் வந்ததல்லவா, பேசியது பேசியதுதான் என்று சட்டைப் பையில் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பியிருக்க வேண்டும். கல்லூரிக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு லாட்ஜிலேயே இருந்தேன். திங்கட்கிழமை காலை முருகேஷை வரச் சொல்லி, ஏழே காலுக்கு அந்த எஸ்டேட்டின் தொழிற்சாலைக்கு எதிரில் காரை நிறுத்தினோம். ஏழரைக்குக் காலைச் சங்கு என்று விசாரித்து வைத்திருந்தேன். செல்போனில் நொடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சங்கு கேக்கறதுக்குங்களா சார் இவ்வளவு தூரம் வந்தது?” என்றார் முருகேஷ்.

“ஆமா.”

“டீ சொல்லட்டுங்களா?”

ஏழரை ஆகி இரண்டு நொடி கழித்துச் சங்கு ஊதியது. இரண்டு நொடி. என் கடிகாரத்தின் ஒரு நாள் பிசகும் அதேதான். சாலையோரம் மகேஸ்வரி கூடையோடு போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

“சார், இன்னைக்கு மணி எத்தனைங்க?”

“ஏழரைம்மா.”

“சரியாப் போச்சு,” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

இந்தப் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு: நவம்பரில் பனிமூட்டம் நிச்சயம், ஸ்வெட்டரோடு ஒரு மழைக்கோட்டும் எடுத்துப்போங்கள். வெயிலை வைத்து நேரம் சொல்ல முடியாது. குன்னூரில் பேருந்து நிலையத்தருகே இரண்டு பேர் தங்கும் அறை ஆயிரத்து நானூறு ரூபாய்க்குக் கிடைத்தது, வெந்நீர் காலை எட்டு மணி வரைதான். எஸ்டேட்டுக்குள் நடக்கக் கேட்டில் அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கொழுந்து பறிக்கிறவர்களைப் படமெடுப்பதற்கு முன்பு அவர்களிடமும் கேளுங்கள்.

விதி மூன்றை நீக்க வேண்டும் என்று பார்த்திபன் குழுவுக்கு எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன். விதியில் ஒரு தவறும் இல்லை.

கடிகாரக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. படத்துக்காக முள்ளை நிறுத்தினால், எதிரில் யார் வந்து நின்றாலும், என்ன சொன்னாலும், முதலில் முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கோபப்பட அதற்குப் பிறகும் நேரம் இருக்கும்.